இடது பக்கத்துத் திருடன்

என் அண்ணன் பல் கட்டுகிறவன். பல் வைத்தியர் இல்லை. வைத்தியர் அச்சு எடுத்து அனுப்பும் தாடையில் மெழுகை உருக்கிப் பல் வரிசை செய்து, அதைப் பொய்ப்பல்லாக மாற்றிக் கொடுக்கும் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதி அண்ணன் கைவேலை. "ஊர் வாயெல்லாம் என் கையிலதான் இருக்கு" என்று அவனே கேலி செய்வான். அதையும் கையால்தான் சொல்வான். பிறந்ததிலிருந்து அவனுக்குக் காது கேட்காது.

காது கேளாதவர்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ள நம் பெயர்கள் உதவாது. ஆளுக்கு ஒரு சைகை வைத்துக்கொள்வார்கள். முன்பல்லை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் அது அண்ணன். வாய்க்குப் பக்கத்தில் விரல்களைத் திறந்து திறந்து மூடினால் அது நான். வாயாடி என்று அர்த்தம். வைத்தவனும் அவன்தான். பிற்பாடு ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்த அன்று, "பேர் வச்சவன் சும்மா வைக்கல, பாத்தியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் கையால் சொன்னதை எல்லாம் நான் இங்கே வாய்த்தமிழில் எழுதுகிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் இரண்டு பேரையும் ஆலயத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். அம்மாவுக்குத் தெரிந்த சைகை நான்கு: சாப்பிடு, தூங்கு, வா, அடி விழும். இதை வைத்துக்கொண்டு ஆண்டவரைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அண்ணன் இரண்டு மணி நேரம் போதகரின் உதட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். உதட்டுக்குப் பின்னால் சுவரில், சிலுவையில் ஆணி அடிக்கப்பட்ட மனிதரின் மர உருவம். அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் என் தோளைத் தட்டி, அந்த உருவத்தைக் காட்டி, ஏன் ஆணி அடித்தார்கள் என்று கேட்டான்.

வெளியே ஊஞ்சல் காலியாக இருந்தது. இன்னொருத்தி போய் உட்காருவதற்குள் நான் ஓட வேண்டும். உலகத்தின் பாவம், இரட்சிப்பு எல்லாவற்றையும் எட்டு வயதுக் கையால் எப்படிச் சொல்வது? ஒருவன் பையில் கைவிட்டு எடுப்பது போலக் காட்டினேன். பிடித்தார்கள், அடித்தார்கள் என்று காட்டினேன். முடிந்தது. ஊஞ்சலுக்கு ஓடிவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறிலிருந்து அண்ணன் ஆலயத்தில் இரண்டு கைகளையும் மடியில் கோத்து, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். "பிள்ளைக்கு எவ்ளோ பக்தி பாரு" என்று அம்மா பூரித்துப்போனாள். பக்தியாவது ஒன்றாவது. நான் எதையும் எடுக்கவில்லை, பாருங்கள், கை காலியாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தான். வாரம் தவறாமல் ஊர் கூடி ஒரு திருடனைப் பார்க்கிறது, பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறது, சிலர் அழுகிறார்கள், திருடினால் இதுதான் கதி என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அவன் புரிந்துகொண்டது அவ்வளவுதான். ஒரு பென்சில் கீழே கிடந்தால்கூடத் தொடமாட்டான். இப்படிப் பதினொரு வருடம்.

இருபத்திரண்டு வயதில் காது கேளாதோர் சங்கத்துக்குச் சதுரங்கம் ஆடப் போனான். அங்கேதான் முறையான சைகை மொழி கற்றான். அங்கேதான் யாரோ ஒருவர் அவனுக்கு அந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தான். நான் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தான், கண்ணாடி ஆடியது.

"அவர் திருடவே இல்லையாம்!"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. காது கேட்கிற நாம் பேசாமல் இருப்பது வேறு. நான் கையைத் தூக்கினால் அவன் கண்ணை மூடிக்கொள்வான். கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிடும், மன்னிப்புக் கேட்கக்கூட இடம் இல்லை. அப்புறம் ஒரு நாள் அவனே வந்து என் தலையில் குட்டி, "நீ சொன்னது முழுப் பொய் இல்ல. திருடனும் அங்க இருந்திருக்கான். ஒருத்தன் இல்ல, ரெண்டு பக்கமும் ரெண்டு பேர். நீ அவசரத்துல நடுவுல இருந்தவரைக் காட்டிட்ட" என்றான். என்னை மன்னிக்க அவன் அந்த இரண்டு திருடர்களைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

வேதத்தைச் சைகை மொழியில் படம் பிடிக்க ஒரு குழு கிளம்பியபோது முதல் ஆளாகப் போய் நின்றவன் அவன். புத்தகம்தான் இருக்கிறதே, படித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. காதால் ஒரு வார்த்தையும் உள்ளே போகாதவனுக்கு எழுத்து அந்நிய ஊர்ப் பலகை. அண்ணன் மருந்துச் சீட்டு படிப்பான், கடைப் பெயர் படிப்பான். ஒரு பக்கத்தைக் கொடுத்தால் பத்து வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிப்பான். ஊகித்துக் கெட்டது போதாதா என்பது அவன் கட்சி.

படம் பிடிக்கும் அறை சைக்கிள் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில். சுவரில் நீலத் துணி, எதிரே கேமரா. கீழே நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். சத்தத்தைப் பற்றிக் கடுகளவும் கவலைப்படாத படப்பிடிப்பு உலகத்திலேயே அதுதான். ஆனால் ஜன்னலில் ஒரு மேகம் கடந்தால் போதும், எல்லாக் கைகளும் "நிறுத்து" என்று மேலே போகும். கறுப்புச் சட்டை போட வேண்டும், மோதிரம் கூடாது, தாடி கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும். பல் கூடத்தில் விரலில் ஒட்டிய மெழுகை அண்ணன் அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு நகமாகச் சுரண்டி எடுப்பான்.

சைகையில் கதை சொல்பவர் முதலில் ஆட்களைக் காற்றில் நிறுத்துவார். அப்பா இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம் என்று ஒருமுறை இடம் காட்டிவிட்டால் பிறகு பெயர் சொல்ல வேண்டியதில்லை. விரல் அந்த இடத்துக்குப் போனால் அந்த ஆள். தோள் அந்தப் பக்கம் சாய்ந்தால் பேசுகிறவன் அந்த ஆள். இடம் தவறினால் ஆளே மாறிவிடுவான். இதில் அண்ணன் மன்னன். ஐந்து பேரைக் காற்றில் நிறுத்தி, ஒருவனோடு ஒருவனை மோதவிட்டு, ஒருவனையும் தொலைக்காமல் கதையை முடிப்பான்.

என்னையும் குழுவில் இழுத்துவிட்டவன் அவன்தான். என் வேலைக்குத் திருப்பிச் சொல்வது என்று பெயர். ஒரு பகுதியைப் படம் பிடித்து முடித்ததும் என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைப்பார்கள். கை சொல்வதை நான் வாயால் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வரும் ஆலோசகர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் மூல மொழிகளைக் கரைத்துக் குடித்தவர், ஆனால் சைகை தெரியாது. ஒத்திகை பார்க்கக்கூடாது, புத்தகத்தைப் புரட்டக்கூடாது, தெரிந்த கதை என்று இட்டுக்கட்டக்கூடாது என்று எனக்கு நிறையக் கட்டுப்பாடு. "உங்களுக்குத் தெரிஞ்சது வேண்டாம்மா, கண்ணு பாத்ததை மட்டும் சொல்லுங்க" என்பார் ஆலோசகர். சீட்டில் இருப்பதை மட்டும் ஒலிபெருக்கியில் வாசிப்பது என் பிழைப்பு. அதனால் எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை.

ஒன்பது வருடத்தில் சுவிசேஷம் ஒன்று ஏறக்குறைய முடிந்தது. அந்த இரண்டு திருடர்கள் வரும் பகுதியை மட்டும் அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, அவசரப்பட்டு எடுக்கவும் விடவில்லை. நடுவில் ஆண்டவர். தன் இடது பக்கம், அவரைத் திட்டுகிற திருடன். வலது பக்கம், அவனைக் கண்டித்துவிட்டு, என்னையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிற திருடன். இந்த அமைப்பைச் சாப்பிடும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். "கடைசியா எடுக்கலாம். அது என்னோடது" என்று சொல்லி வைத்திருந்தான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தவறு யாருடையதும் இல்லை. இப்படி ஆகும் என்று யார் கண்டது?

போன வருடம் ஒரு காலை, கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன் முக்காலியிலிருந்து அப்படியே சரிந்தான். பக்கவாதம். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. இடது காலை இழுத்து இழுத்து நடக்க முடிந்தது, இடது கை மட்டும் வரவில்லை. போகட்டும், வலது கை இருக்கிறதே, முகம் இருக்கிறதே, பேச்சு போகவில்லையே என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னோம்.

இரண்டு மாதம் கழித்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் கூடத்துக்குப் போனான். முதலாளி மனசு கேட்காமல் ஒரு தாடையைக் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே அவர் எங்கள் வாசலில் ஒரு அட்டைப்பெட்டியோடு நின்றார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதம்மா. முடிச்சிட்டேன்னு அவனே பெட்டியில வச்சு, மூடிக் கொடுத்தான். நீயே பாரு."

திறந்தேன். தாடையின் ஒரு பாதியில் பற்கள் அத்தனை அழகு. கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளம்கூட நிஜம் மாதிரி. மறுபாதியில் ஒன்றுமே இல்லை, வெறும் ஈறு. நடுவில் கத்தியால் கோடு கிழித்தது போல வேலை நின்றிருந்தது.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்ல" என்றார் டாக்டர். "இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துடுச்சு. அவருக்குக் குறை தெரியாது. நீங்க சொன்னாலும் நம்பமாட்டார்."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. முகத்தில் வலது பாதிதான் சவரம். தட்டில் வலது பாதிதான் சாப்பாடு. அண்ணியும் காது கேளாதவர், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவர், வாயில்லாமலே வீட்டை ஆளுகிற கெட்டிக்காரி. அவர் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் திருப்பி வைத்தால் அண்ணன் மறுபடி பரிமாறியதாக நினைத்து, "போதும், எனக்கென்ன யானை வயிறா?" என்பான். இருபத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவர் இடது பக்கம் வந்து நின்றால் அவனுக்கு வீட்டிலேயே இல்லை. வலது பக்கம் சுற்றி வந்ததும், "எங்க போயிருந்த?" என்று கேட்பான். அண்ணி முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் பகுதி பாக்கி இருக்கு. எப்ப எடுக்கறோம்?"

குழு நான்கு மாதம் காத்திருந்தது. ஆலோசகர் இரண்டு நாள் வருவதாக முடிவானது. அதற்குள் எடுத்தால் உண்டு. அண்ணி அவனுக்கு இரண்டு பக்கமும் சவரம் செய்து, கறுப்புச் சட்டையை மாட்டிவிட்டார். மூன்று மாடிப் படிகளைச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக ஏறினான். நடுவில் மூச்சு வாங்க நின்று, "ஆண்டவர் மலை ஏறினார், நான் மாடி ஏற மாட்டேனா?" என்றான். விதிப்படி நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே சுத்தியல் அடித்துக்கொண்டே இருந்தது.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள். அறையின் மறுகோடியில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து வாயாடி என்று கை காட்டி, கட்டைவிரலை உயர்த்தினான். ஆலோசகர் புத்தகத்தைத் திறந்தார். படம் ஓடியது.

ஒற்றைக் கைதான். ஆனால் அண்ணனின் கை. இரு உள்ளங்கைகளிலும் ஆணி பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுவதுதான் ஆண்டவரின் பெயர். அசையாத இடது உள்ளங்கை மடியில் கிடந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும், அதைத் தேடிப்போய் விரலால் தொட்டான். ஆண்டவரை நடுவில் நிறுத்தினான். தன் வலது பக்கம் ஒரு திருடனை நிறுத்தினான். இப்போது இடது பக்கம் போவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. அதே வலது பக்கத்தில் நின்றவன் ஆண்டவரைத் திட்டினான். அதே இடத்தில் நின்றவன், இப்படிப் பேசலாமா என்று கண்டித்தான். அதே இடத்தில் நின்றவன், என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல். ஒன்பது வருடத்தில் அவன் செய்ததிலேயே அதுதான் அழகு.

"சொல்லுங்கம்மா" என்றார் ஆலோசகர்.

இரண்டு திருடர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. என் வாயிலிருந்து வருவதுதான் அவருக்கு வேதம். எதிரே அண்ணன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு பொய் வார்த்தை. ஆனால் எங்கோ ஒரு வீட்டில் ஒருவன் இந்தப் படத்தைப் பார்த்து, இதுதான் கதை என்று நம்பிக்கொண்டு பதினொரு வருடம் உட்கார்ந்திருப்பானே.

"நடுவில் ஆண்டவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு திருடன். அவன் ஆண்டவரைத் திட்டுகிறான். அப்புறம் அவனே தன்னைத் திட்டிக்கொள்கிறான். அப்புறம் அவனே தன்னை நினைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறான்" என்றேன். அறிவிப்புச் சொல்லும் குரலில்தான் சொன்னேன். வேறு குரலில் சொன்னால் உடைந்திருப்பேன்.

"எத்தனை பேரும்மா?"

"ஒருத்தர்தான்."

ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். சரியா என்று கேட்கிறான். நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

இன்னும் மூன்று முறை எடுத்தார்கள். இடது பக்கம் ஒரு கம்பை நட்டு அதில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். "ரிப்பனைப் பாருங்க, அங்க ஒருத்தர்" என்றால் தலையைத் திருப்பி, விரலை அங்கே கொண்டுபோவான். கதை ஆரம்பித்ததும் ரிப்பனும் இல்லை, கம்பும் இல்லை, திருடனும் இல்லை. துண்டு துண்டாக எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டியதில் அண்ணன் வேறு யாரோ மாதிரி இருந்தான்.

மறுநாள், எதற்கும் பார்க்கலாம் என்று முதலில் எடுத்த படத்தை ஒரு அக்காவுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு பகுதியையும் இப்படிக் கதையே தெரியாத காது கேளாத ஒருவருக்குக் காட்டிக் கேட்பது வழக்கம். விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பார்த்து முடித்ததும் அந்த அக்கா அழுதார். என்ன புரிந்தது என்று கேட்டதற்கு, "இவன் திட்டினான். திட்டினவனையே அவர் சேர்த்துக்கிட்டாரு. நானும் திட்டியிருக்கேன்" என்றார். இன்னொரு தரம் போடச் சொன்னார். அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மனசைத் தொடுது, நான் இல்லைன்னு சொல்லல" என்றார் ஆலோசகர். "ஆனா எழுதியிருக்கறது இது இல்லம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது." நல்ல மனிதர். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. தவறான படம் கைபேசிகளில் சுற்றிவிடக்கூடாது என்பதால் அன்றே அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழித்தார்கள்.

அண்ணனிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் அவன் முன்னால் உட்கார்ந்து இரண்டு திருடர்களையும் காற்றில் நிறுத்தினேன். "இப்படி ரெண்டு பேர் வரணும் அண்ணா. நீ ஒருத்தனைத்தான் வச்ச."

எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கை நமக்கு இடது பக்கம்தானே? என் வலது பக்கம் நின்றவன் அவனுக்கு இல்லாமல் போனான். "நீயும் ஒருத்தனைத்தான் வைக்கற" என்றான். ஆட்களை இடம் மாற்றி வைத்தேன். இப்போது மற்றவன் காணாமல் போனான். மறுபடி மாற்றினேன். எவனை எங்கே வைத்தாலும் அவன் கண்ணில் மிஞ்சியது ஒருவன்தான்.

"நான் ரெண்டு பேர் வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ என்ன சொன்ன அவர்கிட்ட?"

"பாத்ததைச் சொன்னேன்."

 அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பகுதியைக் கடைசியில் செய்து முடித்தது குழுவிலேயே இளையவள். உயரக் கட்டிய தலைமுடியால் எல்லாருக்கும் அவள் குதிரைவால். செய்ய மாட்டேன் என்று முதலில் அழுதாள். பிறகு அண்ணன் பஸ் நிறுத்தத்தில் போட்டுப் பார்த்த அதே அமைப்பில், திட்டுகிறவனைத் தன் இடது பக்கமும் கேட்கிறவனைத் தன் வலது பக்கமும் நிறுத்திச் செய்தாள். கேட்கும்போது மோவாயை லேசாகத் தூக்குவது அண்ணனுடையது. அதையும் விடவில்லை.

முழுச் சுவிசேஷமும் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் மடிக்கணினியைக் கொண்டுபோய் அண்ணன் வீட்டு மேஜையில் வைத்தேன். அவன் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்த நாட்கள் அவை. அந்தப் பகுதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பார்த்தான். திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் தரமும் பார்த்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை, பொறாமை இல்லை. கவலை.

"நல்லாத்தான் செய்யறா, பாவம்" என்றான். "ஆனா கேக்கறவனை விட்டுட்டா."

படத்தை நிறுத்தினேன். அவளுடைய வலது பக்கம் திரையில் அவனுக்கு இடது பக்கம்.

"திட்டறவன் இருக்கான். அப்புறம் நடுவுல இருக்கறவர் திரும்பிப் பேசறாரு. யார்கிட்ட பேசறாரு? அங்கதான் யாருமே இல்லையே."

கணினியை அவனுடைய வலது பக்கம் தள்ளி வைத்தேன். எங்கே தள்ளினாலும் அதற்கும் ஒரு இடது பாதி இருந்தது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் காட்டியபடி அவன் மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினேன். திரையில் விரலை வைத்து, "இதோ இருக்கான், பாரு" என்றேன். அவன் கண் என் விரலை நோக்கிப் பாதி தூரம் வந்தது, அங்கேயே நின்று, திரும்பிப் போனது.

"வாயாடி, இதை இப்படியே விடக்கூடாது. என்னை மாதிரி எவனாவது பாத்துட்டு தப்பாவே நினைச்சுக்கிட்டு இருப்பான். அவங்களுக்குப் போன் பண்ணு. இப்பவே. நீ பேசறதை நான் பாக்கணும்."

அண்ணி வாசற்படியில் துணி மடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மடித்த துணியை உதறி, மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

கைபேசியை எடுத்தேன். எந்த எண்ணையும் அழுத்தவில்லை. காதில் வைத்துக்கொண்டேன்.

"ஹலோ, நான்தான் பேசறேன். அண்ணன் பாத்தாரு. ஒருத்தனை விட்டுட்டீங்களாம். கேக்கறவனை. ஆமாங்க. திரும்ப எடுக்கணும்னு சொல்றாரு."

அவன் படிக்கும்படி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். சின்ன வயதில் போதகரின் உதட்டைப் பார்த்தது போலவே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினான். ரெண்டு பேர்னு சொல்லு.

"ரெண்டு பேர்" என்றேன். "ரெண்டு பேர் இருக்கணும்."

அவன் முகம் தெளிந்தது. அண்ணியின் பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, வாயருகே விரல்களைத் திறந்து திறந்து மூடினான். எங்க வாயாடி சொல்லிட்டா, இனிமே சரியாயிடும். நான் கைபேசியைக் காதில் வைத்தபடி இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.